மழையில் கெட்ட மலை நடை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறைக்கு மலைப்பக்கம் போய், ஆசையாகத் திட்டமிட்ட நடையை மழைக்கோ மூடுபனிக்கோ பறிகொடுத்துவிட்டு வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

நான் மலை வழிகாட்டி அல்ல. விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் மலை நடைக்குப் போகிறவன், அதில் பாதி நாள் நனைந்தவன், அவ்வளவுதான். இங்கே சொல்வதெல்லாம் காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பும் நடைக்கு. கயிறு கட்டி ஏறுவதும் பனிச்சிகரங்களும் வேறு சமாச்சாரம்.

கீழே சுள்ளுன்னு வெயில் அடிக்குது. மேலே மட்டும் எப்படி மழை பெய்யும்?

மழையை வரவழைப்பதே மலைதான். சமவெளியில் நேராக வந்துகொண்டிருந்த காற்று மலைச்சரிவில் முட்டினால் மேலே ஏறுவதைத் தவிர அதற்கு வழி இல்லை. உயரத்தில் அழுத்தம் குறைவு. அதனால் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. மேகம் திரளும்வரை 1000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் வீதம் குளிர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அதிலிருக்கும் ஈரம் துளியாகி, மேகமாகி, அந்தச் சரிவிலேயே கொட்டிவிடும். மறுபக்கம் இறங்கும்போது அதே காற்று ஈரம் தீர்ந்து, சூடேறி, வறண்டுபோயிருக்கும். நீங்கள் தங்கியிருக்கும் ஊர் இந்தக் காய்ந்த பக்கத்தில் இருந்தால் மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்த்து ஏமாறுவது சுலபம்.

மேகம் எந்த உயரத்தில் தொடங்கும் என்று தோராயமாகச் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. வானிலைச் செயலிகளில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் பனிப்புள்ளி என்று ஓர் எண் இருக்கும். காற்றிலுள்ள ஈரம் துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை அது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்குங்கள். வெப்பநிலை 24, பனிப்புள்ளி 18 என்றால் வித்தியாசம் 6. ஆக, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரத்தில் மேகத்தின் அடிவயிறு. உச்சி அதற்கும் மேலே என்றால், கீழே எவ்வளவு வெயில் அடித்தாலும் நீங்கள் போகப்போவது மேகத்துக்குள்.

குளிருக்கான கணக்கு வேறு. சராசரியாக 1000 மீட்டர் ஏறினால் 6.5 டிகிரி குறையும். கீழே 24 என்றால் 1500 மீட்டர் மேலே 14தான். காற்றும் ஈரமும் சேர்ந்தால் அந்த 14 எப்படி இருக்கும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

போன்ல மழை வாய்ப்பு 40 சதவீதம்னு காட்டுது. போகலாமா வேண்டாமா?

அந்த 40க்குப் பொருள், இதே மாதிரியான வானிலை அமைந்த பத்து நாட்களில் நாலு நாள் அந்த இடத்தில் மழை பெய்யும் என்பது. நாளின் 40 சதவீத நேரம் பெய்யும் என்றோ, லேசாகப் பெய்யும் என்றோ அது சொல்லவில்லை. பத்து நிமிடத் தூறலும் ஆறு மணி நேரப் பேய்மழையும் அந்த எண்ணுக்கு ஒன்றுதான். இன்னொன்று, அந்த எண் பெரும்பாலும் அடிவாரத்து ஊருக்குரியது. மேலே என்ன ஆகும் என்பது முந்தைய பதிலில் இருக்கிறது.

நான் சதவீதத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் காற்றின் வேகம், அதுவும் உச்சியின் உயரத்தில். அடுத்து மணிக்கணக்கு: மழை காலையிலா, பிற்பகலிலா? அப்புறம் இடி உண்டா என்று. மலைகளுக்கென்றே தனி முன்னறிவிப்பு வெளியிடும் இடங்களில் இதெல்லாம் உயரவாரியாகவே கிடைக்கும். முந்தின நாள் மாலை ஒரு தடவை, கிளம்பும் காலையில் ஒரு தடவை பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வானமே இன்னும் முடிவெடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பத்து நாள் முன்பு பார்த்த படத்தை நம்பிப் பெட்டி கட்டியவர்கள் வானிலைக்காரர்களைத் திட்டுவதில் நியாயமே இல்லை.

திட்டு வாங்குவது அவர்களுக்குப் புதிதும் அல்ல. 1861இல் லண்டன் செய்தித்தாளில் பொதுமக்களுக்கான முதல் முன்னறிவிப்பை வெளியிட்ட ராபர்ட் பிட்ஸ்ராய், இது ஆரூடம் அல்ல, கணக்கிட்டுச் சொல்லும் கருத்து மட்டுமே என்று அப்போதே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அவரையும் கேலி செய்யத்தான் செய்தார்கள்.

லீவுல வந்தும் விடியக்காலையில எழுந்திரிக்கணுமா? பத்து மணிக்குக் கிளம்பினா என்ன?

வெயில் ஏற ஏறத் தரை சூடாகும். தரையை ஒட்டிய காற்று சரிவு வழியாக மேலே கிளம்பும். ஒன்பது மணிக்குப் பஞ்சுத் துண்டு மாதிரி இருந்த மேகம் பிற்பகலில் கோபுரமாக வளர்ந்து இடியோடு நிற்பது இப்படித்தான், கோடைக்கால மலைகளில் குறிப்பாக. பத்து மணிக்குக் கிளம்பினால் அது உச்சிக்கு வரும் அதே நேரத்தில் நீங்களும் வந்து சேருவீர்கள்.

மேகத்தின் அகலத்தைவிட உயரம் அதிகமாகத் தொடங்கினால் கவனியுங்கள். உச்சி தட்டையாகப் பரவி, பட்டறைக்கல் மாதிரி ஆகிவிட்டால் கவனித்துக்கொண்டிருக்கக்கூட நேரமில்லை, இறங்குங்கள்.

போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்னு எப்படிக் கணக்குப் போடுறது?

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். மொத்தம் 12 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்றால், நடைக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி. ஆக நாலு மணிக்குச் சற்றுக் குறைவு.

இது நிற்காமல் நடக்கிற, பழகிய கால்களுக்கு, நல்ல நாளில். விடுமுறைக் கூட்டத்தோடு போகும்போது நான் பாதியைக் கூட்டிக்கொள்வேன். பாதை ஈரமாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் நாலு மணி நடை ஏழு மணியாகிவிடும். கிளம்பும் நேரத்தோடு இதைக் கூட்டி, வரும் எண்ணையும் பொழுது சாயும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல நடைகள் மழை வருவதற்கு முன்பே இந்தக் கணக்கில் கெட்டிருக்கும்.

இந்த ஒரு நாளுக்காகத்தான் இவ்வளவு செலவு பண்ணி, லீவு போட்டு வந்தோம். ஒரு மழைக்குப் பயந்து திரும்பணுமா?

எல்லாக் கேள்விகளிலும் கனமானது இதுதான். மற்றவை இதைச் சுற்றித்தான் வருகின்றன. அடிவாரத்திலேயே வசிக்கிறவர் மழையைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் போகலாம் என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். அவருக்கு அது செலவில்லாத முடிவு. விடுமுறைக்காரருக்கு அடுத்த வாரம் கிடையாது. மலையும் மழையும் இருவருக்கும் ஒன்றுதான். விடுமுறைக்காரரின் மனசுக்குள் மட்டும் ஒரு தராசு சாய்ந்திருக்கிறது. கொடுத்த பணமும் எடுத்த லீவும் நீங்கள் திரும்பினாலும் போனதுதான், மேலே போனாலும் போனதுதான். இதை வீட்டில் உட்கார்ந்து ஒப்புக்கொள்வது எளிது. உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது ஒப்புக்கொள்ள முடியாது.

எனக்கும் முடியவில்லை. ஒரு முறை, விடுமுறையின் கடைசி நாள். உச்சி எங்கோ நாற்பது நிமிடத்தில் இருக்கிறது, மழை பக்கவாட்டில் அடிக்கிறது. கூட வந்தவர் இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் "இன்னும் கொஞ்சம்தான்" என்றேன். உச்சியில் வெள்ளைச் சுவரைத் தவிர ஒன்றும் இல்லை. இறங்கும்போது இருட்டிவிட்டது. இருவருக்கும் சேர்த்து ஒரே விளக்கு, முன்னால் போகிறவர் பின்னால் திரும்பித் திரும்பிக் காட்டிக்கொண்டே வர வேண்டியிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைத் திறமை என்று நான் எங்கும் சொல்லிக்கொள்வதில்லை.

அதற்குப் பிறகு முடிவை முந்தின இரவே எடுத்துவிடுகிறேன். ஒரு தாளில் மூன்று வரி: எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது, எந்த இடத்தில் நின்று யோசிப்பது, எதைப் பார்த்தால் யோசிக்காமலே திரும்புவது. உதாரணமாக, ஒரு மணி, கணவாய், இடிச் சத்தம். காய்ந்த உடம்போடும் நிதானத்தோடும் உட்கார்ந்து எழுதியவருக்கு நனைந்து நடுங்குகிறவர் கட்டுப்பட வேண்டும். தாளைக் குழுவில் எல்லோரும் படித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே போய் அது ஒருவருடைய பயமாகத்தான் தெரியும்.

குழுவில ஒருத்தர் மட்டும்தான் திரும்பலாம்னு சொல்றார். அவரை அங்கேயே உட்கார வெச்சுட்டு நாங்க போயிட்டு வரலாமா?

கூடாது. உட்கார்ந்திருக்கும் உடம்பு நடக்கும் உடம்பைவிட வேகமாகக் குளிர்ந்துவிடும். நீங்கள் அதே வழியில் திரும்புவீர்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. திரும்பலாம் என்று ஒருவர் சொன்னால் எல்லோரும் திரும்ப வேண்டும், அதற்கு அவரிடம் காரணம் கேட்கவும் கூடாது. இந்த ஒப்பந்தத்துக்கு ஒத்துவராதவர்களோடு நான் போவதில்லை.

விலை கூடின ரெயின்கோட்தான் போட்டிருந்தேன், ஆனாலும் உள்ளே தொப்பலா நனைஞ்சுட்டேன். ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் அது உங்கள் வியர்வை. ஏற்றத்தில் உடம்பு அடுப்பு மாதிரி எரிகிறது. தண்ணீர் புகாத துணியால் உள்ளிருக்கும் ஆவியை ஓரளவுக்குத்தான் வெளியே விட முடியும். வெளிப்பக்கத் துணி மழையில் ஊறிக் கனத்துவிட்டால் அதுவும் நின்றுபோகும், ஆவி உள்ளேயே துளியாகி ஒட்டிக்கொள்ளும். அக்குளில் ஜிப் இருந்தால் திறந்துவிடுங்கள். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகிற வேகத்தில் ஏறுங்கள். கிளம்பும்போதே லேசாகக் குளிர்ந்தால் நல்லது, பத்து நிமிடத்தில் சரியாகிவிடும்.

நனைவது தவிர்க்க முடியாதது என்று வைத்துக்கொண்டு, நனைந்தபின் எது சூடு தரும் என்று யோசிப்பதுதான் பலன் தரும். பருத்தி நனைந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். ஜீன்ஸ் அதில் மோசத்திலும் மோசம். கம்பளியும் செயற்கை இழையும் நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். ஒரு ஜோடி மாற்றுச் சட்டையும் சாக்ஸும் பிளாஸ்டிக் பைக்குள் இறுகக் கட்டி முதுகுப்பையின் அடியில் இருக்கட்டும். பைக்கு மேலே போடும் உறை காற்றில் பறந்துவிடும், உள்ளே போடும் பிளாஸ்டிக் உறைதான் நம்பிக்கையானது. குடை காட்டுப்பாதையில் சுகம், முகட்டில் வினை.

ரொம்ப நேரம் நடுங்கிட்டு இருந்தவருக்கு நடுக்கம் நின்னுடுச்சு. அப்போ உடம்பு சூடாயிடுச்சுன்னுதானே அர்த்தம்?

அவர் காய்ந்த உடைக்கு மாறி, ஏதாவது சாப்பிட்டு, தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தால் ஆம். நனைந்த உடையோடு, குளறிப் பேசிக்கொண்டு, நடுக்கம் நின்றிருந்தால் நிலைமை தலைகீழ். உடம்பின் உள்வெப்பம் வழக்கமாக 37 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். 35க்குக் கீழே போனாலே அது தாழ்வெப்பநிலை, அதாவது மருத்துவ அவசரம். நடுங்குவது உடம்பு சூடு உண்டாக்கும் முயற்சி. அதற்கும் தெம்பில்லாமல் போகும்போதுதான் நடுக்கம் நிற்கிறது.

இதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை. 10 டிகிரியில் நனைந்த உடம்பில் காற்று அடித்தால் போதும். அறிகுறிகள் முதலில் அற்பமாக இருக்கும். ஜிப் போட வராது, கால் தடுக்கும், வார்த்தை குழறும், காரணமில்லாமல் எரிந்து விழுவார். "விட்டுடுங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பதும் அறிகுறிதான். பாதிக்கப்பட்டவருக்குத் தன் நிலை தெரியாது, பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும்.

காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஈர உடையைக் கழற்றிக் காய்ந்ததைப் போடுங்கள், தலையை மூடுங்கள், தரைக்கும் உடம்புக்கும் நடுவே பையோ பாயோ ஏதாவது வையுங்கள். தெளிவாக விழுங்க முடிகிறவருக்கு இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். மது கூடாது, அது தோலுக்கு ரத்தத்தை ஓட்டி உள்சூட்டை வெளியே அனுப்பிவிடும். கைகாலைத் தேய்க்கவும் கூடாது. நடுக்கம் நின்று, பேச்சும் குழறிவிட்டால் அவரை நடக்க வைக்காதீர்கள், உதவிக்கு ஆள் வரவழையுங்கள்.

மழைகூடப் பரவாயில்ல, காத்துதான் தள்ளிடுச்சு. எவ்வளவு வேகம்னா போகக் கூடாது?

காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நாலு மடங்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் தொப்பி பறக்கும், 80இல் ஆளே தள்ளாடுவார். முகடுகளிலும் கணவாய்களிலும் காற்று நெருக்கப்பட்டு இன்னும் வேகமெடுக்கும், கீழே கேட்ட எண் அங்கே செல்லாது. என் வரம்பு, உச்சியில் 50 என்று முன்னறிவிப்பு சொன்னால் முகட்டுப் பாதை கிடையாது, காட்டுக்குள் போகும் பாதை மட்டும். உங்களுடையது கூடவோ குறையவோ இருக்கலாம், ஆனால் ஓர் எண் இருக்கட்டும்.

குளிரும் இதில் சேரும். 5 டிகிரியில் 50 கிலோமீட்டர் காற்று அடித்தால் வெறும் தோலுக்கு அது −1 டிகிரி போலத் தெரியும். இது காய்ந்த தோலுக்கான கணக்கு. நனைந்த உடம்புக்கு முந்தைய பதிலைப் பாருங்கள்.

திடீர்னு மூடுபனி இறங்கி பாதையே தெரியல. நடந்துட்டே இருந்தா எங்கேயாவது போய்ச் சேர்ந்துட மாட்டோமா?

சேருவீர்கள், பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே. 2009இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் ஆட்களைக் காட்டிலும் பாலைவனத்திலும் நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சூரியனோ நிலவோ தெரியாதபோது அவர்கள் தாங்கள் நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு வட்டமடித்தார்கள். மலையில் அந்த வட்டத்துக்கு நடுவே செங்குத்தான சரிவும் இருக்கலாம்.

முதலில் நில்லுங்கள். எல்லோரும் கைக்கெட்டும் தூரத்துக்கு வாருங்கள். மூடுபனி பல நேரம் சில நிமிடங்களில் கிழியும், அந்த இடைவெளியில் அடுத்த அடையாளம் தெரிந்துவிடும். கிழியவில்லை என்றால் கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம்வரை திரும்பி நடப்பது. ஓடையைப் பிடித்துக்கொண்டே இறங்கலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். மலையில் ஓடை பாறை விளிம்பில் அருவியாகிவிடும், அங்கே உங்களுக்கு வழி இருக்காது.

போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், மேகமும் அதைத் தடுக்காது. ஆனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெற்றுத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் மிஞ்சும். குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், போனைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள். ஈரக் கையால் தொடுதிரை சொன்னபடி கேட்காது என்பதை நேரில் பட்டபிறகு நான் காகித வரைபடமும் திசைகாட்டியும் இல்லாமல் போவதில்லை.

இடி இடிச்சா எங்கே ஒதுங்கணும்? பெரிய மரம் இருந்தா நிக்கலாமா?

தனி மரத்தடி கூடவே கூடாது. மின்னல் மரத்தில் இறங்கி உங்கள் மேல் தாவும், இல்லாவிட்டால் வேர்வழியாகத் தரையில் பரவி உங்கள் காலைப் பிடிக்கும். ஆழமில்லாத குகை வாயும் பாறை நிழலும் அப்படித்தான், மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்ட உங்கள் உடம்பைப் பாலமாக்கிக்கொள்ளும். உச்சி, முகடு, திறந்த புல்வெளி, தண்ணீர் ஓரம் எல்லாவற்றையும் விட்டு இறங்குங்கள். ஏறக்குறைய ஒரே உயர மரங்கள் அடர்ந்த தாழ்வான பகுதி இருப்பதில் பரவாயில்லை. கூரை மூடிய காரோ முழுக் கட்டடமோ கிடைத்தால்தான் உண்மையான பாதுகாப்பு.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி வந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, நீங்கள் ஏற்கெனவே அதன் எல்லைக்குள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி மேலே. குழுவாக இருந்தால் ஒருவருக்கொருவர் தள்ளித் தள்ளி நில்லுங்கள், ஒருவர் விழுந்தால் தூக்க இன்னொருவர் வேண்டும். முடி சிலிர்த்து நின்றாலோ ஊன்றுகோல் ரீங்காரமிட்டாலோ அதைக் கீழே போட்டுவிட்டு உடனே தாழ்வான இடத்துக்கு நகருங்கள். மின்னல் பட்டவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பது தவறு. அவர் உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சு நின்றிருந்தால் உடனே முதலுதவி தொடங்கலாம்.

மழை விட்டாச்சே, இப்போ ஓடையைத் தாண்டிடலாமா? வரும்போது கணுக்கால் தண்ணிதான் இருந்துச்சு.

மழை நிற்பதும் தண்ணீர் இறங்குவதும் ஒரே நேரத்தில் நடக்காது. மேலே பெய்தது ஓடைக்கு வந்து சேர நேரமெடுக்கும், வெள்ளத்தின் உச்சம் மழை ஓய்ந்த பிறகும் வரலாம். தண்ணீர் கலங்கலாக மாறினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், சத்தம் கனத்தால், கரையை விட்டு மேலே ஏறுங்கள். முழங்கால் அளவு வேகத் தண்ணீர் வளர்ந்த ஆளைச் சாய்க்கப் போதும். கீழே கற்கள் உருளும் சத்தம் கேட்டால் அதில் கால் வைக்கும் பேச்சே இல்லை.

சின்ன ஓடைகள் ஏறின வேகத்தில் இறங்கவும் செய்யும். சில மணி நேரம் காத்திருப்பது, சுற்று வழியில் போவது, அங்கேயே இரவைக் கழிப்பது மூன்றுமே தாண்டுவதைவிட மேல். தாண்டியே ஆக வேண்டுமென்றால் அகலமான, ஆழமில்லாத இடம் பாருங்கள். குறுகிய இடம் பக்கமாகத் தெரியும், அங்கேதான் வேகம் அதிகம். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு இறங்குங்கள், விழுந்தால் பையை உதறிவிட வேண்டியிருக்கும்.

ஏறும்போது ஒண்ணும் ஆகல. இறங்கும்போதுதான் மூணு பேரும் மாறி மாறி விழுந்தோம். ஏன்?

இறங்கும்போது தொடை களைத்திருக்கும், மனசு வண்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பாசி படிந்த பாறையும் பட்டை உரிந்த மரவேரும் நனைந்தால் சோப்பு மாதிரி. சின்ன அடி வையுங்கள், குதிகாலை ஊன்றாமல் முழுப் பாதத்தையும் பதியுங்கள். உடம்பைப் பின்னால் சாய்த்தால் பத்திரம் என்று தோன்றும், வழுக்குவது அதனால்தான்.

நாள் பூரா மேகமா இருந்துச்சு, வெயிலையே பார்க்கல. முகம் எப்படிக் கருகுச்சு?

புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம்வரை மெல்லிய மேகத்தைத் தாண்டி வந்துவிடும். உயரம் 1000 மீட்டர் கூடினால் அதன் வலிமை ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். குளிரும் காற்றும் சேர்ந்து எரிச்சலை உணரவிடாது, தாகத்தையும்தான். ஈரமான நாளிலும் தண்ணீர் குடியுங்கள்.

மாட்டிக்கிட்டோம், சிக்னலும் இல்ல. எப்படி ஆளைக் கூப்பிடறது?

அவசர எண்ணை அழைத்துப் பாருங்கள். பல நாடுகளில் 112 வேலை செய்யும், உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் போகலாம். பேச்சுப் போகாத இடத்தில் குறுஞ்செய்தி போய்விடுவதுண்டு. எங்கே இருக்கிறீர்கள், எத்தனை பேர், யாருக்கு என்ன என்று ஒரே செய்தியில் எழுதுங்கள்.

மலைகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வழங்கிவரும் சைகை ஒன்று உண்டு: நிமிடத்துக்கு ஆறு முறை விசில், அல்லது விளக்கு வெளிச்சம், அல்லது கூச்சல். பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் கேட்டுவிட்டார்கள். பதில் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள், சத்தத்தை வைத்துத்தான் உங்களைத் தேடி வருவார்கள். ஹெலிகாப்டர் வந்தால் இரண்டு கைகளையும் மேலே விரித்துத் தூக்கினால் உதவி வேண்டும் என்று பொருள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் வேண்டாம். ஆர்வத்தில் ஒரு கையை ஆட்டி வழியனுப்பிவிடாதீர்கள்.

இதெல்லாவற்றையும்விட எளிது, கிளம்பும்போது கீழே ஒருவரிடம் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம், வராவிட்டால் எப்போது தேட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவது. திரும்பியதும் அவரிடம் சொல்லவும் வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம்.

தங்கின இடத்திலேயே ராத்திரி பூரா இருந்தோம். காலையில வாட்ச் 40 மீட்டர் மேலே ஏறிட்டதா காட்டுது. ரிப்பேரா?

வாட்ச் சரியாகத்தான் இருக்கிறது. அது உயரத்தை அளக்கவில்லை, காற்றழுத்தத்தை அளந்து உயரமாக மாற்றிச் சொல்கிறது. தாழ்வான உயரங்களில் ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் குறைந்தால் சுமார் 8 மீட்டர் ஏறியதாக நினைத்துக்கொள்ளும். நீங்கள் அசையாமல் 40 மீட்டர் "ஏறியிருந்தால்" இரவில் அழுத்தம் 5 ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருக்கிறது, வானிலை கெட்டுக்கொண்டு வருகிறது. தாளில் எழுதிய திரும்பும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். உயரம் தெரிந்த இடத்தில் வாட்சைத் திருத்திக்கொள்ளவும் மறக்காதீர்கள்.

நாங்க திரும்பி இறங்கின ஒரு மணி நேரத்துல வானம் பளிச்சுன்னு வெளுத்துடுச்சு! அவசரப்பட்டுட்டோமா?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை, கேட்கும்போது முகத்தில் ஒரு வலியும் இருக்கும். திரும்பும் நேரத்தில் உங்களுக்குத் தெரிந்தது என்ன? இடி கேட்டது, அல்லது நேரம் தாண்டியது. அதை வைத்து எடுத்த முடிவு, பிறகு வெயில் வந்ததால் தவறாகிவிடாது. பத்தில் நாலு நாள் மழை என்றால் ஆறு நாள் வெயில். அந்த ஆறில் ஒரு நாள் உங்களைக் கேலி செய்யத்தான் செய்யும்.

எச்சரிக்கை தலைகீழ்ப் பக்கத்துக்குத்தான் தேவை. இடி கேட்டும் மேலே போய், ஒன்றும் ஆகாமல் திரும்பியவர் அதைத் தன் அனுபவம் என்று கணக்கில் எழுதிக்கொள்கிறார். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் போவார்.

மேலே போயும் ஒண்ணுமே தெரியல, வெறும் வெள்ளை. அப்புறம் எதுக்குப் போனோம்?

காட்சிக்காக மட்டும் போயிருந்தால் நஷ்டம்தான், அதைத் தேன் தடவிச் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த முறை இரண்டு விஷயம் முயன்று பாருங்கள். மழை இரவுக்குப் பிறகு வானம் தெளிந்து காற்று அடங்கினால், அதிகாலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, மேகம் கீழே கடலாகக் கிடக்கும், நீங்கள் அதற்கு மேலே நிற்பீர்கள். இன்னொன்று, முதுகுக்குப் பின்னால் சூரியன் தாழ்வாக இருந்து, எதிரே மூடுபனி இருந்தால் உங்கள் நிழல் அதன் மேல் பூதாகாரமாக விழும், தலையைச் சுற்றி வண்ண வளையத்தோடு. ஜெர்மனியின் பிராக்கன் மலையின் பெயரால் அதைப் பிராக்கன் பூதம் என்கிறார்கள். பக்கத்தில் நிற்பவரின் தலையைச் சுற்றி வளையம் உங்களுக்குத் தெரியாது, அவருக்கும் உங்களுடையது தெரியாது. எல்லோரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். இவை இரண்டுமே மேகமற்ற நாளில் கிடைக்காது.

இன்னும் ஒரு நாள் கையில இருக்கு. நாளைக்கு மறுபடி போகலாமா?

ஓடையைத் தாண்டும் பாதை என்றால் தண்ணீர் இறங்கிவிட்டதா என்று விசாரியுங்கள். காலையில் முன்னறிவிப்பைப் புதிதாகப் பாருங்கள், நேற்றைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எழுதுங்கள். நேற்று விட்டதை இன்று பிடிக்க வேண்டும் என்ற வேகம் இருந்தால் பாதி உயரப் பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

ஷூ காயவில்லை என்பதுதான் வழக்கமாக எல்லோரையும் நிறுத்துகிறது. உள்தகட்டை உருவித் தனியே வையுங்கள். ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் ஈரத் தாளை எடுத்துவிட்டு வேறு திணியுங்கள், படுக்கும் முன் இன்னொரு தடவை. ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பசை இளகி அடிப்பாகம் வாயைப் பிளந்துவிடும், அதுவும் மலை மேலே போன பிறகு.